அது இல்லேன்னா அது இல்ல

நாட்காட்டியில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் குறிப்பெழுதி வைப்பது என் பழக்கம். 2007 ஐப்பசித் தாள் ஒன்றில் இப்படி இருக்கிறது: "பகல் முழுவதும் மழை. பசறை வீதியில் மண்சரிவு, பஸ் இல்லை. பின்னறைக்காரர் இன்றும் அதைச் செய்தார். பிஸ்கட் ஊறிக் கரைந்துவிட்டதாம். கொட்டிவிட்டார். கேட்டும் தரவில்லை."

'அது' என்று நான் எழுதியிருப்பது திராமிசு என்ற இத்தாலிய இனிப்பை. காப்பியில் நனைத்த விரல் பிஸ்கட் ஓர் அடுக்கு. முட்டை மஞ்சட்கருவும் சீனியும் ஒருவகைப் பாலாடைக்கட்டியும் சேர்த்து அடித்த கிறீம் ஓர் அடுக்கு. மறுபடி பிஸ்கட், மறுபடி கிறீம், மேலே கொக்கோத் தூள். அடுப்பில் வைக்க வேண்டியதில்லை. குளிரில் ஓர் இரவு கிடந்தால் தானாக இறுகிவிடும். எழுதுவதற்கு இவ்வளவுதான். பதுளையில் அதைச் செய்து முடிக்க அவருக்கு இரண்டு வருடங்களுக்கு மேல் பிடித்தது.

அந்தப் பெண் எங்கள் வீட்டுப் பின்னறைக்குத் தனியாகக் குடிவந்தது 2005இன் கடைசியில். நான் கார்த்திகை என்கிறேன், என் மனைவி மார்கழி என்கிறார். வந்த சில நாட்களில் பின்பக்கக் குழாய் ஒழுகத் தொடங்கியது. குழாய் திருத்தும் பாஸ் வந்து பார்த்து, அந்த அளவு வொஷர் ஊரில் இல்லை என்று சொல்லி, பழைய செருப்பு ரப்பரில் வட்டமாக ஒரு துண்டு வெட்டிப் போட்டுவிட்டுப் போனார். ஒழுக்கு நின்றது. பாஸ் தெருமுனை தாண்டியிருக்க மாட்டார், இவர் குழாயைக் கழற்றி அந்தத் துண்டை வெளியே எடுத்து வைத்துவிட்டார். மறுபடி ஒழுகியது.

"நின்னுருச்சே, அத ஏன் கழட்டுறீங்க?" என்றேன்.

"இது வொஷர் இல்லங்க சேர், செருப்பு."

"தண்ணி நின்னாப் போதாதா?"

"அது இல்லேன்னா அது இல்லங்க" என்றார். குரலில் பிடிவாதம் இருக்கவில்லை. நாள் முழுக்க நின்று வேலை பார்த்தவர் பஸ் நேரம் சொல்வதுபோல, அலுப்போடு சொன்னார். வாளி வைத்துத் தண்ணீர் பிடித்தார். பண்டாரவளையில் சரியான வொஷர் அகப்படும்வரை அந்தச் சொட்டுச் சத்தத்தோடுதான் நாங்கள் தூங்கினோம்.

பிற்பாடு அந்த வாசகத்தை எத்தனையோ முறை கேட்டேன். பிறந்தநாள் கேக் செய்து கொடுத்துத்தான் அவர் சீவித்தார். கை நல்ல கை. ஆனால் பட்டருக்குப் பதில் மாஜரீன் போடமாட்டார். வனிலாவுக்குப் பதில் வேறு எசன்ஸ் ஊற்றமாட்டார். ஒருமுறை வங்கியில் வேலை செய்யும் அம்மா ஒருவர் வந்து, "எல்லாரும் மாஜரீன்லதானே செய்யிறாங்க? புள்ளைங்களுக்கு வித்தியாசமா தெரியப் போவுது?" என்றார்.

"அப்ப எல்லாருகிட்டயும் வாங்கிக்கங்க."

அந்த அம்மா போன பிறகு என் மனைவி, "இப்பிடிப் பேசினா யாரு ஓடர் தருவா?" என்று கடிந்துகொண்டார்.

"வராட்டிப் போறாங்க டீச்சர். கால் வலிக்குது. செத்த நேரம் உக்காந்திருப்பேன்" என்றார். ஆனால் உட்காரவில்லை. அவர் உட்கார்ந்து நாங்கள் பார்த்ததே இல்லை. கெண்டைக் காலில் நரம்பு முடிச்சிட்டுக் கிடக்கும். அதன்மேல் துணியைச் சுற்றிக்கொண்டு சுவரில் சாய்ந்து நிற்பார். தேத்தண்ணீர் குடிப்பதும் நின்றபடிதான். பிறர் வீட்டுச் சமையலறைகளில் பதின்மூன்று பதினான்கு வருடம் நின்ற கால்கள் அவை.

பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். 1991இல் லெபனானுக்கு வீட்டு வேலைக்குப் போனார். அங்கே ஓர் இத்தாலியக் குடும்பத்தில் இடம் கிடைத்தது. அவர்கள் சொந்த ஊருக்குத் திரும்பியபோது இவரையும் கூட்டிப்போனார்கள். அந்த வீட்டுப் பையனை, பிறந்த சில மாதத்திலிருந்து மீசை அரும்பும்வரை, வளர்த்தது இவர்தான். "பேச்சு வந்த புதுசுல அவங்க அம்மாவையும் 'மம்மா'ன்னுதான் கூப்புடுவான், என்னையும் அப்பிடித்தான் கூப்புடுவான். அவங்க சிரிப்பாங்க. நான் சிரிச்சதில்ல" என்றார் ஒருநாள். அந்தப் பையனுக்காகப் பழகியதுதான் திராமிசு. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட, சனிக்கிழமையே செய்து வைக்க வேண்டுமாம்.

கணவர் ஒருவர் இருந்தார். இவர் விமானம் ஏறுவதற்கு முன்பே கொழும்பில் வேறு குடும்பமாகிவிட்டார். 2006இலோ 2007இலோ, தங்கையின் கணவர் ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த, மனைவியை இழந்த ஒருவர்.

"தங்கமான மனுசன் மதினி. குடிக்க மாட்டாரு, வெத்தலகூடப் போட மாட்டாரு."

"எந்த எடத்துக்கு?"

"என்னா மதினி இப்பிடிக் கேக்குறீங்க... போனவரு எடத்துக்குத்தான்."

"அந்தக் கடைய மூடி எத்தன வருசமாச்சு. மூடுன கடைக்கு ஆள் எதுக்கு? தேத்தண்ணியக் குடிங்க, ஆறிப்போவுது."

அவர் சிரித்துக்கொண்டே குடித்தார். நல்ல மனிதர். அவருக்கும் தங்கைக்கும் பிள்ளைகள் இல்லை. அல்லது ஒரு பிள்ளை உண்டு என்று சொல்ல வேண்டும். இவர் லெபனானுக்குப் போனபோது இரண்டு வயதில் விட்டுப்போன மகளை அவர்கள்தான் வளர்த்தார்கள்.

1996இல் இவர் முதல் விடுமுறையில் வந்தபோது பிள்ளைக்கு ஏழு வயது. கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. தங்கை அதை இழுத்து முன்னால் விட்டு, "பெரியம்மா வந்துருக்காங்க, கும்புடு" என்றிருக்கிறார்.

"தங்கச்சி வேணும்னு சொல்லலங்க சேர். அஞ்சு வருசமா அது அவளத்தானே அம்மாங்குது. அந்தக் கணக்குல என்னையப் பெரியம்மான்னு வாய் தவறி வந்துருச்சு. சொன்னதும் அவளுக்கே மொகம் செத்துப்போச்சு."

"நீங்க திருத்தலையா?"

"ஒரு மாசத்துல திரும்பிப் போறவ எதங்க திருத்துறது?"

பெரியம்மா என்ற சொல் அப்படியே நிலைத்துவிட்டது. யார் பெற்றவர் என்பது பிள்ளைக்கும் தெரியும், தோட்டம் முழுக்கத் தெரியும். யாரும் மறைக்கவில்லை. வாய்தான் மாறவில்லை. செருப்பு ரப்பரை ஒரு மணி நேரம் பொறுக்காதவர் இதைப் பொறுத்துக்கொண்டு போனது எப்படி என்று என் மனைவி ஒருமுறை நேராகவே கேட்டார்.

"பொறுக்கலையே டீச்சர். கல்யாணத்துல பாத பூச வரும்ல? தாய் தகப்பன் உக்காரணும், பொண்ணு கால் கழுவணும். அந்தப் பலகையில நான் உக்காருவேன். அதுக்குப் பதில் ஆள் கெடையாது."

"புள்ளைக்குத் தெரியுமா?"

"அன்னிக்குத் தெரிஞ்சுக்கும்."

திராமிசுவும் அந்தக் கணக்கில் சேர்ந்ததுதான். இத்தாலியில் இருந்த கடைசி வருடத்தில், தொலைபேசியில் மகள், "பெரியம்மா, அங்க அந்தப் பையனுக்கு என்னா செஞ்சு குடுப்பீங்க?" என்று கேட்டதாம். அதுவாக அவரிடம் கேட்ட முதல் கேள்வி அது என்று சொன்னார். இவர் விவரித்ததைக் கேட்டுவிட்டு, "எனக்கும் செஞ்சு தருவீங்களா?" என்றதாம். "அவன் சாப்புட்டது எதுவோ, அதத்தான் அவ சாப்புடணும். அது மாதிரி ஒண்ணு இல்ல. அதே" என்றார்.

அதே என்பதுதான் பாடு. கடையில் விற்கும் உடனடிக் காப்பித் தூள் ஆகாது. என் மனைவி விளையாட்டாக, "ஊரு பூரா தேயில. கெட்டித் தேத்தண்ணியில முக்கினா என்ன?" என்றார். ஒரு பார்வை பார்த்தார். அப்புறம், "நான் கொழுந்து பறிச்சவ டீச்சர். இருந்தாலும் காப்பின்னா காப்பிதான்" என்றார்.

அந்த இடத்தில் மட்டும் நான் கொஞ்சம் உதவ முடிந்தது. இந்த மலைகளில் தேயிலைக்கு முன் காப்பிதான் இருந்தது. இலைநோய் வந்து அழிந்த பிறகுதான் தேயிலை. அந்தக் காலத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் நான் சேர்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுத் தோட்டங்களின் ஓரத்தில், யாரும் கவனிக்காமல், இன்னும் காப்பி மரங்கள் நிற்கின்றன. பசறை வீதிக்குக் கீழே அப்படி ஒரு தோட்டத்துக்கு அவரைக் கூட்டிப்போனேன். சிவந்த பழமாகப் பார்த்துப் பறித்தார். எங்கள் கூரைத் தகரத்தில் காயவைத்து, உரலில் இடித்துத் தோல் நீக்கி வறுத்தார். வாசனை பிடித்துப் பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "யாருக்குக் காய்ச்சல்?" என்று கேட்டார். எங்கள் பக்கம் காப்பி என்றால் மல்லியும் சேர்த்துக் காய்ச்சலுக்குக் குடிப்பதுதான்.

பாலாடைக்கட்டி ஊரில் இல்லை. வெலிமடைப் பக்கத்திலிருந்து பால் வருவித்து, காய்ச்சி ஆறவைத்து, மேலாடையை எடுத்துச் சேர்த்து, மெல்லிய சூட்டில் தேசிக்காய்ப் புளி விட்டு, வேட்டித் துணியில் கட்டித் தொங்கவிட்டார்.

"இது பதில் இல்லையா?" என்று கேட்டுவிட்டேன்.

"இல்லங்க. அங்க வீட்ல செய்யிறதும் இப்பிடித்தான். டப்பாவுல அடைச்சு விக்கிறாங்களே, அதுதான் இதுக்குப் பதிலு."

விரல் பிஸ்கட்தான் கடைசிவரை அழவைத்தது. முட்டை வெள்ளையை நுரைக்க அடித்து அவரே சுடுவார். எங்கள் மழைக்காலக் காற்றில் அது மொறுமொறுப்பாக நிற்காது. காப்பியில் பட்டதும் கரையும். கரைந்தால் கொட்டுவார். அதைக் கொட்டும்போது அவர் முகத்தில் கோபம் இருக்காது, களைப்புதான் இருக்கும். எங்களுக்கும் பார்த்துப் பார்த்துக் களைத்துப்போயிற்று.

2008 வைகாசியில் ஒரு நாள், எங்கள் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து தட்டை எடுத்து, ஆளுக்கு ஒரு சதுரம் வெட்டித் தந்தார். எனக்குக் காப்பியின் கசப்புப் பிடித்தது. என் மனைவி பாதி சாப்பிட்டு, "பச்ச முட்ட வாசம் வருதுங்க" என்று என் காதுக்குள் சொல்லித் தண்ணீர் குடித்தார். அவர் எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. ஒரு கரண்டி வாயில் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார். "இதுதாங்க அது" என்றார். பிறகு குசினி அடுப்பருகே கிடந்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

மகளுக்குக் கல்யாணம் ஆவணியில். அதற்குச் சில நாள் முன், இவர் சந்தைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்துத் தங்கை வந்தார். மெலிந்த, எப்போதும் அவசரத்தில் இருக்கும் பெண். வாசலிலேயே நின்று பேசினார்.

"அக்கா பலகையில உக்காரட்டும் சேர், நான் வேணாங்கல. பெத்தவங்க அவங்கதானே. ஆனா எங்க வீட்டுக்காரரு பக்கத்துல அவங்க உக்காந்தா ஊரு என்னா பேசும்? அவரு எந்திரிச்சுட்டா, தகப்பன் எடத்துல யாரு?"

"புள்ள என்ன சொல்லுது?"

"ஒண்ணும் சொல்லல. 'அம்மா, நீ அப்ப எங்க நிப்ப?'ன்னு மட்டும் கேட்டுச்சு." என் மனைவி உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தார்.

நாங்கள் இதை இவரிடம் சொல்லவில்லை. சொல்லியும் பயனிருந்திருக்காது. பாத பூசைக்கென்று அரக்கு நிறத்தில் ஒரு புடவை எடுத்து மடிப்புக் கலையாமல் வைத்திருந்தார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலை, மூன்று பெரிய ட்ரேக்களில் திராமிசுவை அடுக்கி, மீன்காரர்கள் வைத்திருக்கும் வெள்ளைப் பெட்டியில் ஐஸ் போட்டு, வேன் பிடித்துத் தோட்டத்துக்குப் போனோம். அது சோதனைச் சாவடிக் காலம். ஒரு சிப்பாய்ப் பையன் பெட்டியின் மூடியைத் தூக்கி விரலை நீட்டினான். "விரல வைக்காத!" என்று இவர் தமிழிலேயே அதட்டினார். அவன் குனிந்து காப்பி வாசனையை முகர்ந்துவிட்டு மூடிவிட்டான்.

தோட்டத்துக் கடையில் சோடாப் போத்தல் வைக்கும் குளிர்சாதனப் பெட்டி இருந்தது. அதில் இடம் ஒதுக்கி வைக்கும்படி தங்கையிடம் ட்ரேக்களை ஒப்படைத்துவிட்டு, கல்யாணக் கேக்கை முடிக்க இவர் என்னோடு பதுளைக்குத் திரும்பினார். "நாளைக்கு நான் வந்துதான் தொறப்பேன்" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தார்.

மறுநாள் காலை நாங்கள் மூவரும் கேக்கோடு போய் இறங்கியபோது, தங்கை குசினி வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, திட்டாத. நேத்து மூடியத் தொறந்து பாத்தேன்."

"நாந்தான் தொறக்காதன்னேனே?"

"கடையில எடம் பத்துமான்னு பாக்கத் தொறந்தேன். கொழகொழன்னு ஆடுச்சு. பச்ச முட்ட வாசம். கல்யாண அவசரத்துல அவிக்க மறந்துட்டியேன்னு நெனச்சேன். நாலு பேரு தின்னு வயித்தால போச்சுன்னா ஒனக்குத்தானே கெட்ட பேரு? அதான்... முட்ட போட்டு வட்டிலப்பம் அவிக்கிற மாதிரி... பெரிய பானையில வச்சு அவிச்சிட்டேன். யாருக்கும் சொல்லல."

இவர் தங்கையை விலக்கிவிட்டு உள்ளே போனார். நாங்கள் பின்னால் நின்றோம். ட்ரேக்களில் பிஸ்கட் உப்பி மேலே வந்திருந்தது. கிறீம் துளை துளையாக இறுகிக் கிடந்தது. கொக்கோத் தூள் நனைந்து கறுத்திருந்தது. ஒரு ட்ரே ஏற்கெனவே பாதி காலி. இவர் சுட்டுவிரலால் ஓர் ஓரத்தை அழுத்திப் பார்த்தார். அது விரலோடு அமுங்கி மேலே வந்தது. கொட்டப் போகிறார் என்றே நினைத்தேன். தங்கையும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். ட்ரேக்குப் பக்கத்தில் நகர்ந்து நின்றார்.

அப்போது மகள் உள்ளே வந்தது. தலை நிறையப் பூ, முகத்தில் பாதிப் பவுடர், கையில் கிண்ணம். "அம்மா, இன்னுங் கொஞ்சம் அந்த வட்டிலப்பம் குடேன்" என்று தொடங்கி, இவரைப் பார்த்ததும் நின்றது.

"பெரியம்மா, இது நீங்க செஞ்சதாமே, அம்மா சொன்னாங்க. நான் ரெண்டு தடவ சாப்புட்டேன். அந்தப் பையனுக்குச் செஞ்சு குடுப்பேன்னு சொன்னீங்களே, இதுதானா அது?"

வெளியே மேளக்காரர்கள் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்கள். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். நாங்கள் எல்லோரும் அதைத்தான் எதிர்பார்த்தோம், ஆனால் அப்படி ஒரு பொய்யைச் சொல்லக் கூடியவர் அல்லர் அவர்.

"அது இல்ல இது" என்றார். "இத அவன் கண்ணால பாத்ததில்ல. இது ஒனக்கு மட்டும். பாதி நான் செஞ்சேன், பாதி ஒங்கம்மா செஞ்சா."

ஒங்கம்மா என்று அவர் தங்கையைச் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. மகளின் கிண்ணத்தை வாங்கி, ஓரம் உடையாத ஒரு துண்டாகப் பார்த்து வெட்டி வைத்தார்.

பெண்ணின் தாய் தகப்பனை வரச்சொல்லி மேடையிலிருந்து ஐயர் கூப்பிட்டார். தங்கை அசையவில்லை.

"போடி, நேரமாவுது."

"அக்கா, நீ?"

"ஒம் புருசன் பக்கத்துல நான் போயி உக்காரவா? நல்லா இருக்கும் கூத்து." பிறகு, பேச்சை முடிக்கிற குரலில், "எனக்குக் கால் வலிக்குது. அந்தப் பலகை தாழ்வா இருக்கு. உக்காந்தா எந்திரிக்க முடியாது. போ."

நான் பாத பூசையைப் பார்க்க மண்டபத்துக்குப் போனேன். தங்கை தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். கால்மேல் தண்ணீர் விழுந்தபோது அவர் அழுததும், மகள் குனிந்தபடியே குசினிப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்ததும் நான் கண்டவை. அதே நேரத்தில் குசினியில் நடந்ததை என் மனைவி சொன்னார். அரக்குப் புடவையோடு, சுவரில் சாய்ந்து நின்று, ட்ரேயின் மூலையைக் கரண்டியால் சுரண்டித் தின்றுகொண்டிருந்தாராம்.

"எப்படி இருக்கு?" என்று மனைவி கேட்டாராம்.

"அது இல்லங்க டீச்சர்." இன்னொரு கரண்டி எடுத்தாராம். "நல்லாத்தான் இருக்கு."

2010 தொடக்கத்தில் பழைய வீட்டார் கூப்பிட்டு, அவர் மறுபடி இத்தாலிக்குப் போனார். போகிறபோது மகள் பஸ் நிலையம்வரை வந்தது; பெரியம்மா என்றுதான் சொல்லி அழுதது. பின்னறையில் இப்போது மரக்கறி மூட்டைகள் கிடக்கின்றன.

கடைசியாக ஒன்று. அவர் இருக்கும் ஊர்ப் பக்கமிருந்து விடுமுறையில் வந்த ஒருவர் சொன்னது: அவர் இப்போது அங்கே திராமிசுவை ஆவியில் அவித்துத்தான் வைக்கிறாராம். அந்தப் பையன், இப்போது பெரிய ஆள், இது அது இல்லையே என்றானாம். "ஆமா, இது எம் மகளோடது" என்று சொல்லிவிட்டு அவனுக்கும் ஒரு துண்டு வெட்டி வைத்தாராம். சொன்னவர் அந்த வீட்டுக்குப் போனவர் அல்லர். பிறர் சொல்லக் கேட்டவர். பின்னறைக்காரர் அப்படிச் செய்யக்கூடியவரா என்பதில் எனக்கும் என் மனைவிக்கும் ஒத்த கருத்து இல்லை. இன்றுவரை இது உறுதிப்படுத்தப்படாத செய்தி.